பேக்கிங் மாற்றியும் ஆயில் ஏன் மறுபடி ஒழுகுகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சிதான். காலையில் வண்டியை நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தரையில் காசளவு கறுப்பு வட்டம். மெக்கானிக் குனிந்து பார்க்கிறார், சேம்பர் பேக்கிங் போயிடுச்சு என்கிறார், மாற்றுகிறார். பத்து நாள் சுத்தமாக இருக்கிறது, பதினோராம் நாள் அதே வட்டம் அதே இடத்தில். உடனே பேக்கிங் டூப்ளிகேட், மெக்கானிக் சரியில்லை, இந்த இன்ஜினே இப்படித்தான் என்று பழி ஆளுக்கொரு பக்கம் போகிறது.

பல சமயம் போட்ட பேக்கிங் நல்ல பேக்கிங்தான். கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைக் கேட்காமலே ஸ்பேனரை எடுத்ததுதான் தவறு. ஆயில் எங்கிருந்து புறப்படுகிறது என்பது ஒன்று. எது அதை வெளியே தள்ளுகிறது என்பது இன்னொன்று. சொட்டுகிற இடத்தைப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காது.

இன்ஜினுக்குள் ஆயில் எங்கெங்கே இருக்கிறது

இன்ஜினின் அடியில் இருக்கும் தொட்டிக்கு ஆயில் சம்ப் என்று பெயர், ஒர்க்‌ஷாப்பில் சேம்பர் என்பார்கள். அங்கிருந்து ஆயில் பம்ப் ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, பிளாக்கின் (இன்ஜினின் முக்கிய உடல்) உள்ளே துளைத்திருக்கும் வழிகளில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் அனுப்புகிறது. இன்ஜின் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இந்த அழுத்தம் 10, 15 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்தாலே போதும். ஓட்டத்தில் 40 முதல் 60 வரை போகும். 1000 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 1000 சுற்று) 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு.

பேரிங்கைத் தாண்டி வெளியே வந்ததும் அந்த அழுத்தம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆயில் தெறிக்கிறது, வழிகிறது, சும்மா கீழே இறங்கிச் சம்ப்புக்கே வந்து சேர்கிறது. இதை வைத்து ஒழுகும் இடங்களை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

1. பம்ப் அழுத்தம் உள்ள இடங்கள்: ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் கூலர் பைப், டர்போவுக்குப் போகும் பைப். இங்கே பெரிதாக விட்டுப்போனால் சில நிமிடங்களில் இன்ஜின் காலி.

2. அழுத்தம் இல்லாமல் தெறிப்பு மட்டும் உள்ள இடங்கள்: மேலே வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவர், முன்னால் டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவர், கிராங்க் ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும் சீல்கள், கீழே சம்ப். இவை வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், இன்ஜின் பாட்டுக்கு ஓடும்.

தரையில் விழும் கறை பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், முதல் வகையில் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டாம் வகையில் யோசிக்க நேரம் இருக்கிறது.

பேக்கிங் வேறு, சீல் வேறு

அசையாத இரண்டு பரப்புகளுக்கு நடுவே வைப்பது கேஸ்கெட், நாம் பேக்கிங் என்று சொல்வது. சுழலும் ஷாஃப்ட் ஒரு சுவரைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் அதைச் சுற்றி உட்காருவது ஆயில் சீல். ஒரு பள்ளத்துக்குள் உட்காரும் ரப்பர் வளையம் ஓ-ரிங். மூன்றும் வேறு வேறு விதமாகச் சாகின்றன.

பழைய இன்ஜினின் டேப்பெட் கவரைத் திறந்து, உள்ளே இருக்கும் கார்க் பேக்கிங்கைப் பார்த்தால் கதை புரிந்துவிடும். புதிதில் விரலால் அமுக்கினால் உள்வாங்கும் பொருள், இப்போது நமத்துப்போகாத பிஸ்கட் மாதிரி நகம் பட்டாலே பொடிப்பொடியாக உடைகிறது. கவர் போல்ட்டுகள் லூசாக இருக்கும். யாரும் டைட் வைக்காமல் விட்டதால் அல்ல, கார்க் காய்ந்து சுருங்கியதில் போல்ட்டுக்கும் கவருக்கும் நடுவே இருந்த பிடி போய்விட்டது. ரப்பரும் அப்படித்தான். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகிக் கட்டையாகிவிடும். சிலிக்கோன் இன்னும் தாங்கும், வைட்டான் என்கிற வகை 200 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் அதே பார்ட்டில் விலை குறைந்ததும் கூடியதும் இருக்கின்றன.

ஆயில் சீலின் உள்விளிம்பில் மெல்லிய ஒரு உதடு உண்டு. அதன் பின்னால் தலைமுடிச் சுருள் போல ஒரு சிறு ஸ்பிரிங், உதட்டை ஷாஃப்ட்டின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். உதடு இறுகினால் ஒழுகும், இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்த ரப்பர் உதடு லட்சம் கிலோமீட்டர் உரசி உரசி ஸ்டீல் ஷாஃப்ட்டிலேயே ஒரு கோடு போட்டிருக்கும் என்பது. பழைய சீலைக் கழற்றியதும் ஷாஃப்ட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால், புதிய சீலைப் போட்டாலும் அதே பள்ளத்தில்தான் அதன் உதடு உட்காரும், மறுபடி ஒழுகும்.

ஆயிலை வெளியே தள்ளுவது எது

பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைத்து நிற்கும் பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே இறங்கும். இதற்கு புளோ-பை என்று பெயர். அது கிராங்க் அறைக்குள் சேர்ந்துகொண்டே போனால் உள்ளே அழுத்தம் ஏறும். அதை வெளியேற்ற ஒரு வழி வேண்டும், அதுதான் பிரீதர். ஆரம்பகால இன்ஜின்களில் ஒரு குழாயை அப்படியே ரோட்டைப் பார்த்து விட்டிருந்தார்கள், புகையும் ஆயில் ஆவியும் காற்றில் போனது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், முதலில் கலிஃபோர்னியாவில், புகைமூட்டப் பிரச்சினை காரணமாக அந்த வாயுவை இன்டேக்குக்கே (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) திருப்பி உறிஞ்ச வைத்து எரிக்கும் முறை வந்தது. அந்த வழியில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வுதான் பி.சி.வி. வால்வு.

கட்டைவிரல் அளவு பார்ட், ஆனால் பழைய இன்ஜினில் ஆயில் ஒழுகும் கதையில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆயில் கசடு சேர்ந்து இந்த வால்வோ அதன் ஹோஸோ அடைத்துக்கொண்டால், உள்ளே ஏறும் அழுத்தம் எந்த உதடு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அந்த இடத்தை அடைத்தால் அடுத்த பலவீனமான இடம். டேப்பெட் கவர் மாற்றியதும் முன் சீல், முன் சீல் மாற்றியதும் சம்ப் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகும் வண்டிகளில் முதல் சந்தேகம் பிரீதர் மேல்தான் வர வேண்டும்.

எந்தப் பேக்கிங்கையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்:

1. பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். பல வகைகளில் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில இன்ஜின்களில் வால்வே இருக்காது, சின்னத் துளையும் ஹோஸும் மட்டும்தான், அவற்றைச் சுத்தம் செய்தால் போதும்.

2. இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். பெட்ரோல் இன்ஜினில் லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. காகிதம் படபடத்து மேலே எழும்பி, புகையும் வந்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. டீசலில் கொஞ்சம் ஊதுவது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

3. பிரீதர் ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே ஊதிப் பிதுங்கி, வழியே இல்லாமல் அடைந்திருக்கலாம்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் காகிதம் எழும்புகிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று அளப்பது) எடுக்க வேண்டிய நிலை அது. அந்த இன்ஜினில் எந்தப் பேக்கிங் போட்டாலும் தற்காலிகம்தான்.

இன்னொரு சின்ன விஷயம். ஒழுகுகிறதே என்று பயந்து டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டையும் தாண்டி ஆயில் ஊற்றி வைப்பவர்கள் உண்டு. கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும், அந்த நுரை பிரீதரிலும் சீலிலும் போய் முட்டும். ஒழுகல் இன்னும் கூடத்தான் செய்யும்.

ஊற்றைத் தேடுவது

ஆயில் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஊற்று என்பது ஈரமாக இருக்கும் இடங்களிலேயே உயரமானதும் முன்னால் இருப்பதும். சொட்டும் இடம் பெரும்பாலும் கடைசி நிறுத்தம்தான்.

1. முதலில் அது இன்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். வண்டிக்கடியில் வெள்ளை அட்டையை இரவு முழுக்க விரித்து வைத்தால் நிறமும் இடமும் தெரியும். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோ கியர் அல்லது பவர் ஸ்டீயரிங். கெட்டியாகக் கந்தக நாற்றத்துடன் இருந்தால் கியர் ஆயில். பச்சை, பிங்க், ஆரஞ்சு கூலன்ட். வெறும் தண்ணீர் ஏ.சி.யிலிருந்து வருவது.

2. இன்ஜினை நன்றாகக் கழுவித் துடையுங்கள். டீகிரீசர் அடித்து, பிரஷ் போட்டு, பிளாக்கின் நிறம் தெரிகிறவரை. பத்து வருடக் கசடு அப்பியிருக்கும் இன்ஜினில் கசிவு தேடுவது வீண் வேலை. தண்ணீர் அடிக்கும்போது ஆல்டர்னேட்டரையும் ஒயரிங் கனெக்டர்களையும் மூடிக்கொள்ளுங்கள்.

3. பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச்சுடன் மேலிருந்து கீழே பாருங்கள். அதிலும் புரியாவிட்டால் சந்தேகப்படும் பகுதியில் டால்கம் பவுடர் தூவி மறுபடி ஓட்டுங்கள், புதிய ஆயில் அதில் தெளிவாகக் கோடு போடும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் ஆயிலில் கலக்கும் யு.வி. டை கிடைக்கிறது, யு.வி. விளக்கில் கசிவு பளிச்சென்று மின்னும்.

இந்தப் பொறுமை இல்லாததால் வரும் பெரிய செலவு ஒன்று உண்டு. டேப்பெட் கவரின் பின்மூலையில் கசியும் ஆயில் பிளாக்கின் முதுகில் இறங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு வந்து, அடியில் சொட்டும். கிராங்கின் பின்சீல் போனாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். கீழே படுத்துப் பார்ப்பவர் பின்சீல் என்று சொல்லிவிடுவார், கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார். மேலே கண்ணாடி ஒன்றை நீட்டி டேப்பெட் கவரின் பின்பக்கத்தைப் பார்த்திருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சும் இப்படி ஏமாற்றும். அதன் உடல் வழியாகவே ஆயில் ஊறி ஒயர் கனெக்டருக்குள் வந்து, பிளாக் ஓரமாக இறங்கும். அந்தக் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் அதுதான் ஆள்.

எவ்வளவு ஒழுகினால் கவலைப்பட வேண்டும்

ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொள்வோம். ராத்திரிக்குப் பத்துச் சொட்டு என்றால் அரை மில்லி, மாதத்துக்கு 15 மில்லி. தரை பாழாகும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3 மில்லி, நாளுக்கு 72, மாதத்துக்கு 2 லிட்டருக்கும் மேலே. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர்தான் இருக்கும். ஆனால் நிற்கும்போது விழுவது ஒரு பகுதிதான், ஓடும்போது விழுவதைத் தரை காட்டாது. ஆகவே சமதரையில், இன்ஜின் ஆறிய பின், ஒவ்வொரு 1000 கிலோமீட்டருக்கும் டிப்ஸ்டிக் பார்த்து எழுதி வைப்பதுதான் கணக்கு. தரையில் கறை இல்லாமல் அளவு மட்டும் குறைந்து, சைலன்சரில் நீலப்புகையும் வந்தால் ஆயில் எரிகிறது. அது வேறு நோய்.

டாஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல. அழுத்தம் பல வண்டிகளில் சுமார் 5 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விழுந்த பிறகுதான் எரியும், அதற்குள் பேரிங் வறண்டிருக்கும். எரிந்தால் அந்த நொடியே ஓரங்கட்டி அணைக்க வேண்டும்.

அளவைவிட, ஆயில் எதன் மேல் விழுகிறது என்பது முக்கியம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓட்டத்தில் 400 டிகிரியைத் தாண்டும், இன்ஜின் ஆயிலோ 200 டிகிரியைத் தாண்டியதுமே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். பானெட்டிலிருந்து கருகல் வாடை வந்தால் கசிவு சின்னதாக இருந்தாலும் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். டைமிங் பெல்ட் மேல் ஆயில் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும், பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை வளைத்துவிடும். கிளட்ச் பிளேட்டில் பட்டால் வழுக்கும். ஸ்பார்க் பிளக் குழிக்குள் தேங்கினால் மிஸ்ஸிங் வரும். இன்ஜின் மவுண்டும் கூலன்ட் ஹோஸும் ஆயிலில் ஊறி மெத்துமெத்தென்று ஆகிவிடும்.

எந்த வரிசையில் சரிசெய்வது

காசும் நேரமும் குறைவாக வாங்கும் இடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. பிரீதரைப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொண்டு:

1. டிரெய்ன் பிளக்கும் ஃபில்டரும். பிளக்கின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்குவதற்காகச் செய்தது, ஆயில் மாற்றும்போதெல்லாம் மாற்ற வேண்டும். ஃபில்டரில் ஒரு பழைய கண்ணி உண்டு: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டி நின்றுவிடும், அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், அழுத்தம் ஏறியதும் பிதுங்கி ஆயிலைக் கொட்டிவிடும். ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும்.

2. பிரஷர் ஸ்விட்ச், பழைய பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங். விலை குறைவு, வேலை குறைவு.

3. டேப்பெட் கவர். இரண்டு பரப்பையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, ஆயில் பிசுக்கே இல்லாமல் துடைக்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கும் மறுக்குமாக டைட் வைக்க வேண்டும். இங்கே தேவைப்படும் இறுக்கம் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், அதாவது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம்தான். ஒழுகுகிறதே என்று இன்னும் அரைச் சுற்று இறுக்குவதில்தான் கார்க் பிளந்து, கவர் வளைந்து, சின்னக் கசிவு பெரிய கசிவாகிறது.

4. சம்ப். தகரச் சம்ப் என்றால் முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதில் போல்ட் துளைகளைச் சுற்றி உலோகம் மேல்நோக்கிப் புடைத்திருக்கும். அதை மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டிச் சமமாக்காமல் எந்தப் பேக்கிங் போட்டாலும் பயன் இல்லை. வண்டிக்கடியில் போகும் வேலை இது, ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

5. கிராங்கின் முன்சீல், கேம் சீல். டைமிங் பெல்ட் மாற்றும்போதே சேர்த்து மாற்றினால் கூலி ஒன்றுதான். ஷாஃப்ட்டில் பள்ளம் இருந்தால் அதன் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது, கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம்தான். இடம் இருந்தால் புதிய சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தும் தப்பிக்கலாம். ரப்பர் உதட்டுக்கு ஆயில் தடவிப் போட வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீலை உலர்ந்தபடியே போட வேண்டும், அந்த வகை ஆயில் தடவினால் சரியாகப் பதியாது.

6. பின்சீல். சீலின் விலை அற்பம், கியர்பாக்ஸ் இறக்கும் கூலிதான் விஷயம். வெறும் ஈரமாக இருந்து, கிளட்ச் வழுக்காமல் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, கிளட்ச் மாற்றும் நாளில் சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம். முன்பே இறக்க நேர்ந்தால் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சீலண்ட், கெமிக்கல், கெட்டி ஆயில்

ட்யூபிலிருந்து பிதுக்கிப் பூசும் ஆர்.டி.வி. சிலிக்கோன் சீலண்ட் நல்ல பொருள், அளவாகப் போட்டால். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோடு போதும். பிதுங்கி வெளியே வருவது நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துண்டு பிய்ந்து சம்ப்பில் விழுந்து பம்ப்பின் சல்லடையை அடைத்தால் ஆயில் அழுத்தமே போய்விடும். பேக்கிங் போடும் இடத்தில் முழுக்கச் சீலண்ட் பூசவும் கூடாது, ரப்பர் வழுக்கி வெளியே வந்துவிடும். மூலைகளிலும் அரைவட்டப் பிளக் உட்காரும் இடத்திலும் ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஆயில் ஊற்றுமுன் பேக்கெட்டில் சொன்ன நேரம் காய விடுங்கள், முழுதாக இறுக 24 மணி நேரம் பிடிக்கும்.

ஆயிலில் ஊற்றும் ஸ்டாப் லீக் திரவங்களில் ரப்பரை லேசாக ஊதச் செய்யும் பொருள் இருக்கிறது. காய்ந்து சுருங்கிய சீலுக்கு அது கொஞ்ச நாள் உயிர் கொடுக்கும், அதுவும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான். உடைந்த கார்க்கையும் லூசான போல்ட்டையும் பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டையும் அது ஒன்றும் செய்யாது. பழைய இன்ஜினுக்கென்று விற்கும் ஹை மைலேஜ் ஆயிலிலும் இதே போன்ற சேர்மானம் அளவாக இருக்கிறது. ஏதாவது ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஆயில் மேல்.

மெல்லிய 5டபிள்யூ-30 ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் ஒழுகல் குறைந்தது போலத் தெரியும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கெட்டி ஆயில் மேலே கேமுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும் என்பதுதான் அதற்கான விலை. சிந்தெடிக் போட்டால் ஒழுகும் என்ற பேச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. தொடக்ககால சிந்தெடிக் ஆயில்கள் சில சீல்களைச் சுருக்கின. இப்போது வருபவற்றில் அது சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் ஏற்கெனவே வெடித்த சீலைக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், சுத்தமான புதிய ஆயில் அந்தக் கசடைக் கரைத்துவிடும். அப்போது ஒழுகுவது பழைய ஓட்டைதான்.

வேலை முடிந்த பிறகு

இன்ஜினை ஓடவிட்டு அந்த இடத்தைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். மறுபடி துடைத்துச் சுத்தமாக்கி, 100 கிலோமீட்டர் ஓட்டி, ஆறிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். கார்க் போட்டிருந்தால் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறியதும் கொஞ்சம் அமுங்கியிருக்கும், போல்ட்டுகளை அதே 10 நியூட்டன் மீட்டருக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அடியில் மறுபடி வெள்ளை அட்டையை விரியுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சொட்டு விழுந்தால் பதற வேண்டாம், கியர்பாக்ஸ் மடிப்பிலும் கிராஸ் மெம்பர் உள்ளேயும் தேங்கியிருந்த பழைய ஆயில் வடிந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்தும் அட்டையில் புதுக் கறை வந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி மேலிருந்து தொடங்க வேண்டியதுதான்.